பஸ் திருப்பும் இடத்தில் வேன் நிறுத்தியவருக்கு என்ன தண்டனை?

1

என் உத்தியோகத்தைச் சொன்னால் யாரும் சந்தோஷப்படுவதில்லை. மெல்பேர்ன் நகரத்தில் சீருடை போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய வண்டிகளுக்கு அபராதம் எழுதுகிறேன். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் "வெளியில் என் கார் சரியாகத்தானே நிற்கிறது?" என்று கேட்காத தமிழர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டட வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர் முகத்துக்கு முன்னால் வந்து கத்தியபோது பதற்றத்தில் "சொரி தொரை" என்று சொல்லிவிட்டேன். இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நாக்கு. வெள்ளைக்காரர் சத்தம் போட்டால் அது தானாகவே துரையைத் தேடிப் போகிறது. நல்லவேளை, அவருக்கு விளங்கவில்லை.

இதை எழுத உட்கார வைத்தது போன குளிர்காலத்தில் ஒரு மழைநாள் காலை. பேக்கரி வாசலில் ஒருவர் தன் டெலிவரி வேனை அவசரமாகச் செருகிவிட்டு உள்ளே போயிருந்தார். முன்பக்கம் ஒழுங்காகத்தான் நின்றது. பின்பக்கம் ட்ராம் தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் என்றால் டிரைவர் கொஞ்சம் ஒடித்துத் தப்பிக்கலாம். ட்ராம் தண்டவாளத்தை விட்டு எங்கே போகும்? மணியை அடித்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. கண்ணாடி வழியாக எல்லாரும் அந்த வேனைப் பார்க்கிறார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் படம் எடுத்து, அபராதச் சீட்டை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வைப்பருக்குக் கீழே செருகினேன். ரொட்டிப் பெட்டியோடு ஓடிவந்த மனிதர் இரண்டே நிமிஷம்தான் என்றார். இந்த வேலையில் நான் கேட்ட நிமிஷங்கள் எல்லாமே அந்த இரண்டு நிமிஷங்கள்தான்.

அவர் வேனை எடுத்து ட்ராம் நகர்ந்த அதே நேரம், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. என் தங்கச்சி மல்லிகாவின் வீட்டுக்காரர் செல்வம் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "மதினி, இன்னிக்கும் பஸ்ஸ திருப்ப முடியல. வேனுங்க நிக்குது. ஆட்டோவும் கெடைக்கல. மல்லிகா போகல."

மழையில் அப்படியே நின்றுவிட்டேன். மல்லிகாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய்க் கொஞ்சக் காலமாகிறது. வாரத்தில் இரண்டு நாள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் மெஷினில் படுக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் ஏறும். முகம் வீங்கும். நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டும். அடுத்தடுத்துத் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து அவளை நேரத்துக்குப் பதுளையில் சேர்ப்பது விடியற்காலையில் வரும் அந்த ஒரே பஸ்தான்.

யாரோ முகம் தெரியாத மெல்பேர்ன்காரர்கள் நேரத்துக்கு வேலைக்குப் போக நான் வழி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் கூடப் பிறந்தவளின் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும் வேனை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த தெருவில் நின்ற கார்களை எல்லாம் முறைத்துக்கொண்டே போனேன்.

2

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பஸ் கீழே தேயிலை ஃபெக்டரியோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் மேல் டிவிசன் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, ஏற்றத்தில் நடக்க வேண்டும். இருமல் மருந்து வாங்கப் போனாலும் அதே நடை, பிரசவத்துக்குப் போனாலும் அதே நடை. பிரசவம் என்றால் கம்பளி கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். மல்லிகா அப்படித்தான் பாதி வழியில் பிறந்தாள். அவளைக் கேலி செய்ய வேண்டுமென்றால் "ரோட்டுல கெடச்ச புள்ள" என்போம்.

பிறகு தோட்டத்து ஆட்கள் தாங்களே ரோட்டைச் சரி செய்தார்கள். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, கொழுந்து பறித்து, நிறுவை முடிந்த பிறகு சாயங்காலம் மண்வெட்டியோடு இறங்குவார்கள். எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது மேலே பஸ் திரும்புவதற்கு ஓர் இடம் வெட்டியதுதான். ஒரு பக்கம் கல் மேடு, மறுபக்கம் பள்ளம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மேட்டைக் குடைந்து, பள்ளத்துக்கு ஓரம் கட்டி, பஸ் முன்னால் ஒரு தடவை பின்னால் ஒரு தடவை எடுத்தால் திரும்புகிற அளவுக்கு ஒரு மேடை செய்தார்கள். அதில் ஓர் ஆட்டோ நின்றால் போதும், பஸ் திரும்பாது. திரும்பாத பஸ் அந்த ரோட்டில் ரிவர்ஸில் இறங்கவும் முடியாது.

முதல் பஸ் மேலே வந்த நாளில் நான் இருந்தேன். டிரைவர் அந்த மேடையில் திருப்பியபோது பின் சக்கரம் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்ததைப் பார்த்து எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பியதும் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, டிரைவரையும் கண்டக்டரையும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம் என்று பிடித்துக்கொண்டார்கள். அந்த பஸ்ஸில்தான் ஏ.எல். உயர்தர வகுப்புக்குப் போனேன். அந்த பஸ்ஸில்தான் என் கல்யாணச் சீலை வந்தது. அதற்காக நான் நன்றி சொல்லித் தீராது.

இப்போது அங்கே கூட்டத்துக்குக் காரணம் எங்கள் மலை உச்சியின் செங்குத்துப் பாறை. சின்ன வயதில் அது எங்களுக்கு மாடு விழுந்துவிடக்கூடாத இடம், அவ்வளவுதான். யாரோ அங்கே நின்று சூரியன் உதிப்பதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களும் கொழும்பு ஆட்களும் இருட்டோடு வேனில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். மேலே சமதரை என்று இருப்பது பஸ் திருப்பும் அந்த மேடை மட்டும்தான். வேனை அதில் நிறுத்திவிட்டு டோர்ச்சை அடித்துக்கொண்டு பாறைக்கு ஏறிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ் வரும். ஹோர்ன் அடிக்கும். மேலே சூரியனைப் பார்க்கப் போனவருக்கு அது காதில் விழுமா?

ஏன் பஸ்ஸை நம்பியிருக்கிறாய், நான் காசு அனுப்புகிறேன், ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்துப் போ என்று மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கிளினிக் போற ஆளுங்க என்கூட இன்னும் இருக்காங்க. ஸ்கூல் புள்ளைங்க இருக்கு. நாம ஏறலேன்னா பஸ்ஸையே நிப்பாட்டிருவாங்கக்கா" என்றாள். அவள் சொன்னது சரி. ஆள் ஏறாத ரோட்டுக்கு பஸ் வராது.

3

புகார் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். அது தோட்டத்து ரோடு, தோட்டத்தில் சொல்லுங்கள் என்றார்கள் ஓர் இடத்தில். தோட்டத்து ஒஃபிசில், ரோட்டை எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று, இப்போது அது எங்களுடையது இல்லை என்றார்கள். எழுதி வாங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள், எங்களுக்குக் கடுதாசி வந்து சேரவில்லை என்றார்கள். ஆக, அந்த ரோட்டுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. சொந்தக்காரர் இல்லாத ரோட்டில் யார் வேண்டுமானாலும் வேன் நிறுத்தலாம் போலிருக்கிறது. டிப்போவில் மட்டும் தெளிவாகப் பேசினார்கள். ரோடு யாருடையதோ எங்களுக்குத் தெரியாது, பஸ்ஸைத் திருப்ப முடியாவிட்டால் இனிமேல் ஃபெக்டரியோடு நிறுத்திவிடுவோம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளத்தில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர்.

ஃபெக்டரி வரை நடக்க மல்லிகாவால் முடியாது. அன்று சாயங்காலம் போனில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கி, தலையணையை முதுகுக்கு அண்டைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணும் இல்லக்கா, தூக்கம் இல்ல" என்றாள். மறுநாள் செல்வம் எப்படியோ ஓர் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் தாதிமார் திட்டிக்கொண்டே அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அந்தத் திட்டையும் நான் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு செல்வம் லயத்து ஆட்கள் சிலரைச் சுற்றி வைத்துக்கொண்டு எனக்கு வீடியோ கோல் எடுத்தார். விஷயம் இதுதான்: நான் இதையே தொழிலாகச் செய்கிறவள், ஆகவே இவர்களுக்கு எப்படித் தண்டனை கொடுப்பது என்று நான் சொல்ல வேண்டும். பெடியன்கள் ஏற்கெனவே முடிவு எடுத்திருந்தார்கள். டயரில் காற்றை இறக்கிவிடுவது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். காற்றை இறக்கினால் வேன் அங்கேயேதான் நிற்கும், பஸ் எப்படித் திரும்பும்? வேன் நகர வேண்டும், அதுதானே நமக்கு வேண்டும்? இதைச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அங்கே ஒரு மாற்றுக் கருத்தும் இருந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் புஷ்பம் அக்கா விடியற்காலையில் அந்த வேன்காரர்களுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் விற்கிறார். கொழுந்து நாட்சம்பளத்தோடு அது சேர்ந்தால்தான் அவர் வீட்டில் பிள்ளைகள் டியூசன் போகும். வேன்காரர்களை விரட்டிவிட்டால் நான் யாருக்கு ரொட்டி சுடுவது என்று அவர் கேட்டார்.

கடைசியில் என் யோசனைதான் நிறைவேறியது. மஞ்சள் நிறத்தில், பார்த்தால் அரசாங்கத்துக் கடுதாசி போலத் தெரியும் ஓர் எச்சரிக்கைச் சீட்டு. அதைச் செய்து கொடுத்தவன் என் மகன் நவீன். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் தமிழில் கேட்டால் அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். என் வேலையைப் பற்றிக் கூட்டாளிகளிடம் "அம்மா ஒஃபிசில் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறான். தோட்டத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தபோது அட்டை கடித்ததைத் தவிர அவனுக்கு வேறு ஞாபகம் இல்லை. அவன் அந்த இரவுச் சாப்பாட்டை மேசையில் அப்படியே விட்டுவிட்டு, மூன்று பாஷையில் எழுத்துப் போட்டு, மேலே ஒரு பஸ் படம் வரைந்து, சித்தி எந்த நிற பஸ்ஸில் போவார் என்று கேட்டு அந்த நிறமே பூசினான். அபராதம் எவ்வளவு என்பதை மட்டும் காலியாக விட்டோம். அதைத் தோட்டத்தில் பேசி எழுதிக்கொள்ளட்டும் என்றேன்.

சீட்டை எப்படி வைப்பது என்று செல்வம் கேட்டார். நான் மழைநாளில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன். கண்ணாடியில் மஞ்சள் சீட்டு பளிச்சென்று தெரியும் படம். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

4

எங்கள் பக்கத்தில் ஒரு கடுதாசி நாலு பேர் கண்ணில் பட வேண்டுமென்றால் ஒரே வழிதான். சாவு அறிவித்தலா, திருவிழாவா, சங்கத்துக் கூட்டமா, கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை கிண்டி, வாளியில் எடுத்துக்கொண்டு போய் அடித்து ஒட்டிவிட்டு வருவார்கள். மழையும் காற்றும் அடிக்கிற ஊரில் ஒட்டுகிறவருக்குக் கை உறுதியாக இருக்க வேண்டும். என் படத்தில் மழையில் நனைந்த பிளாஸ்டிக் உறை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வைப்பர் படத்தில் விழாமல் கீழே எங்கேயோ இருந்தது. அவர்கள் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள், ஒட்ட வேண்டும் என்று.

அடுத்த மெஷின் நாளில் மேடையில் ஒரே ஒரு வேன் நின்றது. பண்டாரவளையிலிருந்து வந்த நியாஸ் என்ற ஒரு டிரைவருடையது. மேலே போயிருந்தது அவருடைய ஆட்கள், கொழும்புத் தம்பதி ஒன்று. பெடியன்கள் ஒரு சீட்டு ஒட்டினார்கள். டிரைவர் இருக்கும் பக்கத்தில் தெரியாமல் போய்விடுமோ என்று இன்னொன்று ஒட்டினார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று இன்னும் இரண்டு. முன் கண்ணாடி முழுக்க மஞ்சள்.

பஸ் வந்தது, ஹோர்ன் அடித்தது. நியாஸ் அன்றைக்குப் பாறைக்குப் போகவில்லை, மறைவில் தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்தார். ஹோர்ன் கேட்டதும் ஓடிவந்தார். சும்மா விட்டிருந்தால் அரை நிமிஷத்தில் வேனை எடுத்திருப்பார். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. மலைக்காற்றில் பசை காய்ந்து இறுகியிருந்தது. ஒரு பக்கம் பள்ளம், கண் தெரியாமல் எந்தப் பைத்தியக்காரன் வண்டி எடுப்பான்?

செல்வம் எனக்கு வீடியோ கோல் எடுத்தபோது நான் ட்ராம் தரிப்பிடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். திரையில் நான் பார்த்தது இதுதான்: நவீன் வரைந்த பஸ் நாலு இடத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது, புஷ்பம் அக்கா ரொட்டிக் கல் சுரண்டும் கரண்டியால் அதைச் சுரண்டுகிறார், கண்டக்டர் கேத்தலிலிருந்து சுடுதண்ணி ஊற்றுகிறார், பஸ் டிரைவர் தன் சாரத்து ஓரத்தால் தேய்க்கிறார், நியாஸ் கத்திக்கொண்டிருக்கிறார். வாயால் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனே, யார் ஒட்டினார்கள் என்று சொல்லுங்கள், போலீசுக்குப் போகிறேன் என்கிறார். இத்தனை நாளாக எத்தனை பேரிடம் வாயால் சொன்னோம் தெரியுமா என்று பெடியன்கள் திருப்பிக் கத்துகிறார்கள். டயரில் காற்றை இறக்குவதைத் தடுத்த நான், கண்ணாடியை அடைத்து அதே வேலையைச் செய்து வைத்திருக்கிறேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திரையின் ஓரத்தில் மல்லிகா பஸ் படியில் உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது.

அவள் எழுந்து நியாஸிடம் நடந்து வந்தாள். நடப்பதற்கே அவளுக்கு நேரம் எடுத்தது.

"தம்பி, சண்டைய அப்புறமா போட்டுக்கங்க. எட்டு மணிக்கு நான் பதுளையில மெஷின்ல படுக்கணும். உங்க பக்கம் கொஞ்சம் கண்ணாடி தெரியுதுல்ல. என்ன ஏத்திட்டுப் போங்க. பஸ்ஸு எல்லா எடத்துலயும் நின்னு வர்றதுக்குள்ள எனக்கு நேரம் போயிரும்."

என்ன மெஷின் என்று அவர் கேட்டார். அவள் சீலைத் தலைப்பை ஒதுக்கி இடது கையைக் காட்டினாள். ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு போலப் புடைத்திருக்கும் கை அது. நியாஸ் வேனின் முன் கதவைத் திறந்துவிட்டார். புஷ்பம் அக்காவிடம், என் ஆட்கள் இறங்கி வந்தால் தேத்தண்ணி கொடுத்து உட்கார வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பசறை டவுனில் கண்ணாடியைக் கழுவும் வரைக்கும் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினாராம். மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து, வளைவு வருது தம்பி, மாடு நிக்குது தம்பி என்று வழி சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வந்து, அவளைக் கட்டிலில் படுக்க வைக்கும் வரைக்கும் நின்றிருக்கிறார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாராம். அவள் சொன்னாளாம். "என்ட வேனும் இதுக்கு முன்னுக்கு அங்க நின்டிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்து மடுவத்தில் கூட்டம் போட்டார்கள். நியாஸும் வந்திருந்தார், யாரும் கூப்பிடாமலே. என்னையும் போனில் வைத்திருந்தார்கள். நவீன் காலியாக விட்ட இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் பேச்சு. தொகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். கோயிலுக்கு என்றார் ஒருவர். ரோட்டுக்கு என்றார் இன்னொருவர். நியாஸ், நான் கட்டுகிறேன், சொல்லுங்கள் என்றார்.

அப்போது மல்லிகா கேட்டாள். "அவரு காச கட்டிட்டுப் போயிட்டாரு. அப்புறம் நான் எதுல போறது?"

இத்தனை வருஷம் இந்தச் சீருடையில் நடந்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. நான் எழுதும் அபராதத்தை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து போனிலேயே கட்டிவிடுவார். தனக்குப் பின்னால் நின்ற ட்ராமில் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பரீட்சைக்குப் போன பிள்ளையா, வேலை நேர்முகத்துக்குப் போனவரா, என் தங்கச்சி மாதிரி ஒருத்தியா?

தண்டனையை மல்லிகாவே சொன்னாள். பஸ்ஸை மறித்தவர் பஸ்ஸில் போக வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கிளினிக் ஆட்கள் முதலில், பிள்ளைகள் அடுத்து. மறித்தவரே கூட்டிப் போய் விட வேண்டும், காசு கொடுத்து வேறு ஆளை அனுப்பக்கூடாது. அதைப் பலகையில் எழுதினார்கள். சிங்களத்தில் எழுதிக் கொடுத்தது நியாஸ். தன் கூட்டாளி டிரைவர்களின் போன் குழுவில் அதைப் படம் பிடித்துப் போட்டதும் அவர்தான். ஃபெக்டரிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய விளையாட்டு மைதானத்தில் வேன்களை நிறுத்திவிட்டு ஆட்களை நடத்தியே கூட்டிப் போகலாம் என்று சொன்னதும் அவர்தான். மேலே நடந்து வருகிறவருக்குப் பசி எடுக்கும் என்று புஷ்பம் அக்கா கணக்குப் போட்டு, ரொட்டிக் கடையைப் பாதி வழிக்கு இறக்கிவிட்டார். முன்பைவிட வியாபாரம் நல்லது என்று கேள்வி.

இந்தத் தண்டனையை இங்கே மெல்பேர்னில் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பேக்கரி வேனில் ஒரு ட்ராம் கூட்டத்தை ஏற்றினால் ரொட்டிக்கு இடம் இருக்காது. இந்த நாட்டின் சட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆளைப் பார்க்காமல், காரின் விலையைப் பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுத என்னை விட்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பெயர் குத்திய சட்டை போட்ட முதல் ஆள் நான். வந்த புதிதில் இங்கிலீஷ் தெரியாமல் தவறான ட்ராமில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் அழுதுகொண்டு நின்ற என்னை அதன் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்து, வந்த வழியே திரும்பக் கூட்டிவந்து விட்டார். அந்த மனிதருக்காகவே இந்தத் தண்டவாளத்தில் யாரும் வண்டி நிறுத்தக்கூடாது என்று நான் நினைப்பதுண்டு.

6

அதன் பிறகு ஒரு புது வழக்கம் வந்தது. மெஷின் நாட்களில், இங்கே நான் காலை வேலையில் இருக்கும்போது, செல்வத்திடமிருந்து இரண்டு வார்த்தையில் ஒரு குரல் பதிவு வரும். "பஸ் திரும்பிருச்சு." அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நாள் தொடங்கும். நவீனும் சில நாள் சாயங்காலம் சாப்பிடும்போது, தலையை நிமிர்த்தாமல், "பஸ் திரும்பிச்சா?" என்று கேட்பான். தமிழில்தான் கேட்பான். நான் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ள மாட்டேன். காட்டினால் நிறுத்திவிடுவான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்த பதிவு வேறு. "மதினி, பஸ்ஸு திருப்பற எடத்துலயே நின்னுருச்சு. கிளட்ச் போயிருச்சு. பதுளையிலருந்து வேற பஸ் வரணுமாம்." அதோடு சரி. திருப்பி எடுத்தேன், கிடைக்கவில்லை. மலையில் மழை பெய்தால் போன் அப்படித்தான்.

அன்றைக்கு யாரும் எதையும் மறிக்கவில்லை. மேடை சுத்தமாக இருந்தது. பலகையில் எழுதியிருந்த தண்டனை யாருக்கும் பொருந்தாது. நியாஸ் அன்று நுவரெலியாப் பக்கம் போயிருக்கிறார் என்பது அவர் இணையத்தில் போட்ட படத்தில் தெரிந்தது. அதற்கு முந்தின தடவை மெஷினில் நீர் சரியாக இறங்கவில்லை என்று மல்லிகா சொல்லியிருந்தாள். நான் நடக்க வேண்டிய தெருக்களை நடந்தேன். சோற்றுப் பெட்டியைத் திறந்துவிட்டு மூடினேன். கடவுளே, இந்த ஒரு நாள் மட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் தாண்டி அழைப்பு வந்தது. மல்லிகாதான். படுத்திருந்தாள். கையிலிருந்து குழாய் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கீழே மைதானத்தில் வேன்கள் நின்றிருக்கின்றன. மேலே நின்றிருந்தால் பஸ்ஸுக்குப் பின்னால் அவையும் மாட்டியிருக்கும். பெடியன் ஒருவன் குறுக்கு வழியில் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். பாதி வழி ஏறியிருந்த டிரைவர்கள், ஆட்களைப் பாறைக்குக் கூட்டிப் போகாமல், அவர்களோடு அப்படியே மைதானத்துக்குத் திரும்பிவிட்டார்கள். வேனுக்குப் பின் வேனாக மேலே வந்து, பஸ்ஸுக்கு இப்பால் ரோட்டிலேயே வரிசையாக நின்று, பஸ்ஸில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டார்கள். திருப்ப இடமில்லாததால் வளைவுவரை ரிவர்ஸிலேயே இறங்கினார்களாம். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி மல்லிகாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். ஸ்கூல் பிள்ளைகள் யார் யாருடைய மடியிலோ. கண்டக்டரும் ஒரு வேனில் ஏறி, பழக்க தோஷத்தில் டிக்கெட் கேட்க வாயெடுத்து, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். சூரியனைப் பார்க்க இருட்டில் எழும்பி வந்த அத்தனை பேரும் அன்றைக்குச் சூரியனைப் பார்க்கவில்லை.

அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், டிரைவர்களின் பெயரைக் கேட்டு வைத்தாயா என்றேன்.

"யாரு பேரும் தெரியலக்கா. எறக்கி விட்டுட்டு ஹோர்ன் அடிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் வாசல்ல நின்னு கும்பிட்டேன். பாத்தாங்களோ என்னமோ." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எட்டு மணிக்கே மெஷின்ல போட்டுட்டாங்க. நீ சாப்பிட்டியா?"

இன்னும் இல்லை என்றேன்.

"போய்ச் சாப்பிடுக்கா. நான் படுத்துட்டேன்ல."

ட்ராம் தரிப்பிடத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை மீதம் வைக்காமல் சாப்பிட்டேன்.